‘நீள்ளு’ கேட்ட பாட்டி... பக்கவாதத்துக்குப் பிறகு எந்த மொழி முதலில் திரும்பும்?

கோவையில் ஒரு வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். காலமெல்லாம் அப்படியே வாழ்ந்த பாட்டிக்கு ஒருநாள் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து, வாயிலிருந்து ஒரு சத்தம். ‘‘என்னமோ உளர்றாங்க’’ என்கிறார் பார்த்துக்கொள்ள வந்த பெண். சாயங்காலம் வந்த மகளுக்குத்தான் புரிகிறது. பாட்டி கேட்டது ‘நீள்ளு’. தெலுங்கில் தண்ணீர்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் தமிழோடு கலந்து புழங்கும் கொங்கு மண்டலத்தில், பல வீடுகளில் நடக்கக்கூடியது.

அறிவு போகவில்லை!

மூளையில் மொழியைக் கவனிக்கும் பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம் இருக்கின்றன. அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டால் வருவதுதான் ‘அஃபேசியா’ என்கிற பேச்சிழப்பு. சிலருக்கு எல்லாம் புரியும், வார்த்தை வராது. சிலர் சரளமாகப் பேசுவார்கள், பொருள் இருக்காது. வாசிப்பதும் எழுதுவதும்கூட பாதிக்கப்படலாம். இதைப் பார்த்து ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதுதான் பெரிய கொடுமை.

இரண்டு மொழி தெரிந்தவருக்கு எது முதலில் திரும்பும்? சிறுவயதில் கற்றதுதான் என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. இல்லை, நோய் வருவதற்கு முன்பு அதிகம் புழங்கிய மொழியே என்றார் பிரெஞ்சு மருத்துவர் பித்ர், 1895-ல். இரண்டுமே எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மொழிகளும் ஏறக்குறைய சேர்ந்தே மீள்கின்றன. சிலருக்கு ஒன்று முந்தும், மற்றது பிந்தும். சிலருக்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். திரும்பாத மொழி அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீட்டில் சாமான் இருக்கிறது, சாவிதான் கிடைக்கவில்லை என்பதுபோலத்தான்.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத்திறன் இயல்பாக இருந்தவர்கள், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில் 19.6 சதவிகிதம், இரண்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தவர்களில் 40.5 சதவிகிதம். ஆனால் அஃபேசியா வருவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. பல மொழி தெரிந்திருப்பது மூளைக்கு நல்லது, ஆனால் பேச்சிழப்புக்கு அது கவசமல்ல.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வீட்டில் எது பேசினார், வெளியில் எது பேசினார், எதில் படித்தார் என்பதை டாக்டரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தமிழில் மட்டும் சோதித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

* முக்கியமான 20 வார்த்தைகளை - தண்ணீர், வலி, பாத்ரூம், பசி - அவருடைய மொழியில் எழுதி, அர்த்தத்தோடு கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு உதவும்.

* ‘தமிழ்லயே பேசுங்க’ என்று வற்புறுத்தாதீர்கள். எந்த மொழியில் வந்தாலும் வரட்டும், கலந்து வந்தாலும் பரவாயில்லை.

* ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. ‘ஆமாம், இல்லை’ என்று தலையசைக்கும்படி கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். காது நன்றாகக் கேட்பவரிடம் கத்த வேண்டாம்.

* பேச முடியாத சிலரால் பழகிய பாட்டைப் பாட முடியும். கிழமைகளை வரிசையாகச் சொல்ல முடியும். அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் பயிற்சியை விட வேண்டாம், வருடங்கள் கழித்தும் பேச்சு மேம்படலாம். கோவையிலிருந்து திம்பம் மலையேறிப் போனால் வரும் மைசூரில், 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. முகம் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா? ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று இருக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்த பிறகு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும்.

அடுத்த முறை பாட்டி ‘உளறினால்’ கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.