புல்லிடை மறையும் இரு கானாங்கோழிகள்

நம் ஏரிக்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வாலை ஆட்டியவண்ணம் நடமாடும் வெண்மார்புக் கானாங்கோழி, கூச்சமே குலதர்மமாகக் கொண்ட தன் வம்சத்தில் சற்றுத் துணிச்சல் மிகுந்தது; அதன் உறவினர்களான வட அமெரிக்காவின் மஞ்சள் கானாங்கோழியும் கருங்கானாங்கோழியுமோ, பறவைகளைத் தேடியே ஆயுளைக் கழித்தவர்களுக்குக்கூட எளிதில் தரிசனம் தருவதில்லை.

இரண்டின் சரீரமும் அடர்ந்த புல்லுக்குள் நுழைந்து செல்வதற்கேற்பப் பக்கவாட்டில் ஒடுங்கியது. ஆபத்து நேர்ந்தால் பறப்பதைவிட ஓடி ஒளிவதே இரண்டின் சுபாவமும். உருவத்தில் மஞ்சள் பறவை காடையை ஒக்கும். அது எழுந்து பறக்கும்போது இறக்கையின் பின்புறத்தில் பளிச்சிடும் வெண்திட்டே அதன் நிச்சயமான அடையாளம். சிட்டுக்குருவி அளவேயான மற்றது, கரிய முதுகில் வெண்புள்ளிகளும், பிடரியில் செம்பழுப்பும், சிவந்த கண்களும் உடையது. கானாங்கோழி இனங்களின் குஞ்சுகள் பொதுவாகக் கறுப்பாகவே பிறப்பதால், வேறு இனத்துக் குஞ்சைக் கண்டுவிட்டு இந்த அபூர்வப் பறவையைக் கண்டதாக மகிழ்ந்துபோனவர்கள் உண்டு.

ஆதலால் கண்ணைவிடக் காதை நம்புவதே விவேகம். மஞ்சள் கானாங்கோழியின் ஆண், இருட்டிய பின், முதலில் இரண்டும் தொடர்ந்து மூன்றுமாக, கூழாங்கற்களைத் தட்டினாற்போன்ற சப்தம் எழுப்பும். ஆராய்ச்சியாளர் இரு கற்களைத் தட்டினால் மறுமொழியும் சொல்லும்! கருங்கானாங்கோழியின் குரலோ, ‘கிக்-கீ’ என உயர்ந்து ‘டூ’ எனத் தாழ்ந்து முடிவது.

வாசஸ்தலத்தில்தான் இவற்றின் விதி பிரிகிறது. கனடாவின் ஈரப் புல்வெளிகளில் கோடையைக் கழிக்கும் மஞ்சள் பறவை, இலையுதிர்காலத்தில் தெற்கே வந்து, லூயிசியானாவின் மறுதாம்பு நெல்வயல்களிலும் தங்குகிறது. அங்கே அறுவடை இயந்திரத்தின் முன்னால் அது திடீரென எழுவதைக் காணவே ஆர்வலர்கள் திரண்டு செல்கிறார்கள். கருங்கானாங்கோழி பெரும்பாலும் கடலோர உப்புச் சதுப்பின் மேட்டுப்புறத்தில், மிக ஆழமற்ற நீருள்ள புல்லில் வாழ்வது. கடலின் ஓதம் மிகப் பொங்கும் நாளில் மறைவிடம் மூழ்கிப்போக, வெளிப்பட்ட பறவை நாரைக்கும் பூனைப்பருந்துக்கும் இரையாகும். கடல்மட்டம் உயர உயர அந்த மெல்லிய புல்விளிம்பும் குறுகிவருவதால், இதன் கிழக்கத்திய உட்பிரிவை 2020-இல் அமெரிக்க அரசு அச்சுறுத்தலுக்குள்ளான பட்டியலில் சேர்த்தது.