வட்டம் கோணினாலும் எடை கோணாத வெள்ளிக்காசு
கொங்கு நாட்டில் கிடைத்த ரோமாபுரி நாணயங்கள்

கொல்கத்தா,

காசு என்றால் வட்டமாக இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துக்கு வந்த ரோமாபுரி வெள்ளிக்காசுகள் அப்படி இல்லை. ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும். விளிம்பு வெடித்திருக்கும். மன்னனின் தலை ஓரமாக ஒதுங்கியிருக்கும்.

நாணயம் சேகரிப்பவர்கள் அவற்றைத்தான் தேடி அலைகிறார்கள்!

சம்மட்டி அடி

அந்தக் காசின் பெயர் 'தினாரியஸ்'. எடை பார்த்த வெள்ளி வில்லையைக் கீழ் அச்சின் மேல் வைப்பார்கள். மேல் அச்சை அதன்மீது நிறுத்தி, சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். விளிம்பைத் தடுக்க வளையம் கிடையாது. வெள்ளி போன போக்கில் பரவும். அதனால் ஒரே அச்சில் அடித்த 2 காசுகள்கூட அச்சு அசலாக இருப்பதில்லை.

எடையில் மட்டும் கண்டிப்பு. ஒரு ரோம ராத்தலுக்கு 84 காசு. ஒரு காசு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கி.பி. 64-ல் நீரோ மன்னன் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். தமிழகத்தில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. நம் வணிகர்கள் பார்த்தது வடிவத்தை அல்ல, வெள்ளியை!

மன்னன் வியப்பு

ரோமானிய ஆசிரியர் பிளினி ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கிளாடியஸ் மன்னன் காலத்தில், காற்றில் திசைமாறி ரோமானியன் ஒருவன் இலங்கை போய்ச் சேர்ந்தான். அவனிடம் இருந்த காசுகளில் வெவ்வேறு உருவங்கள் இருந்தன. எடையோ ஒன்றாக இருந்தது. அதைக் கண்டு, 'இவர்கள் நேர்மையானவர்கள்' என்று இலங்கை மன்னன் வியந்தானாம்.

வெள்ளலூர் புதையல்

கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ஒரு பானை கிடைத்தது. அதில் 500-க்கும் அதிகமான ரோமானிய வெள்ளிக்காசுகள் இருந்தன. மேலைக் கடற்கரையில் இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகப் பாதையில் இருக்கிறது இந்த ஊர்.

கேரளத்தில் எய்யால் என்ற ஊரில் 1945-ல் கிடைத்த புதையலில், ரோமானியக் காசுகளுடன் நம் நாட்டு முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. முத்திரைக் காசு இன்னும் கோணல். வெள்ளித் தகட்டைத் துண்டு போட்டு, எடை சரியாகும் வரை மூலையை நறுக்கி, முத்திரை குத்துவார்கள்.

சௌரங்கியில், வங்காளிகள் 'ஜாதுகர்' என்று அழைக்கும் இந்திய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் முத்திரைக் காசுகள் ஏராளம். அங்குள்ள நாணயங்களுக்கு வின்சென்ட் ஸ்மித் தயாரித்த பட்டியல் 1906-ல் வெளிவந்தது.

சேகரிப்போர் கவனத்துக்கு

* பழைய காசைத் திருநீறு, புளி போட்டுத் துலக்கக் கூடாது. எழுத்து தேய்ந்துவிடும்.

* விளிம்பைச் சுற்றிக் கோடு போல் மடிப்பு இருந்தால், அச்சில் அடித்ததல்ல. வார்த்த போலியாக இருக்கலாம். எடையும் பார்க்க வேண்டும்.

* 10 ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் மண்ணில் கிடைத்தால், 1878-ம் ஆண்டு சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

* 1972-ம் ஆண்டு சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வியாபாரம் செய்ய லைசென்சு வேண்டும்.

* காசு கிடைத்த ஊரைக் கட்டாயம் குறித்து வைக்க வேண்டும்.

கடைசியில் சொன்னதே முக்கியம். வெளியே தெரியாமல் உலைக்குப் போன புதையல்கள் உண்டு. ஒரு தினாரியசை உருக்கினால் 4 கிராம் வெள்ளிகூடத் தேறாது. ஊர்ப் பெயரோடு பத்திரமாக இருந்தால், அந்த ஊருக்குக் கடல் கடந்து வாணிபம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.