வால் கரைக்கும் நொதி

ஜவ்வாது மலையில் சாமை விளையும் சரிவுகளில் பாடுபடுபவர்களுக்கு, விரியன் கடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிவாய் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீர் சிவக்கும். நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்வது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நஞ்சில் உள்ள சில நொதிகள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரையே அரித்துவிடுகின்றன. குழாயைச் சுற்றி உறைபோல் இருக்கும், கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வை அவை துண்டு துண்டாக வெட்டுகின்றன. நொதியின் நடுவே இருக்கும் ஒரு துத்தநாக அணு இல்லாவிட்டால் அந்தக் கத்தரி வெட்டாது.

இந்த நொதிகளுக்கு நம் உடம்பிலும் உறவினர்கள் உண்டு. அடைப்பால் பக்கவாதம் வந்தவரின் மூளையில் பிறகு ரத்தம் கசிவதில் அவற்றில் ஒன்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதன் பெயர் எம்.எம்.பி-9.

மனித உடம்பிலுள்ள இந்தக் குடும்பம் முதலில் பிடிபட்டது தலைப்பிரட்டையின் வாலில். தலைப்பிரட்டை தவளையாகும்போது அந்த வால் எங்கே போகிறது? 1962இல் அமெரிக்காவில் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் வால் துணுக்குகளைக் கொலாஜன் கூழின் மேல் வைத்துப் பார்த்தார்கள். துணுக்கைச் சுற்றிக் கூழ் கரைந்துபோயிருந்தது. வளர்வதற்கும் புண் ஆறுவதற்கும் பழைய கட்டுமானத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்காகவே உடம்பு இந்தக் கத்தரிகளை வைத்திருக்கிறது.

‘கை கால் இழுத்துக்கிச்சு’ என்று ஊரில் சொல்கிறோமே, அதில் பெரும்பாலானவை ரத்தக் கட்டி ஒரு குழாயை அடைப்பதால் வருபவை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. சாவது நரம்பணு மட்டும் அல்ல. அடைபட்ட இடத்துக்கு வந்து குவியும் வெள்ளை அணுக்கள் எம்.எம்.பி-9ஐக் கொட்ட, குழாயின் சுவர் மணிக்கு மணி நைந்துகொண்டே போகிறது. வறண்டு கரை வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் திடீரென்று மதகைத் திறந்தால் என்ன நடக்கும்? நைந்த குழாயில் ரத்தம் திரும்பப் பாயும்போதும் அதுதான் நடக்கிறது.

கட்டியைக் கரைக்கப் போடும் ஆல்டிப்ளேஸ் ஊசியும் ஒரு நொதிதான். 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்களில் 100க்கு 6.4 பேருக்கு மூளையில் நோய்க்குறியோடு ரத்தம் கசிந்தது, பெறாதவர்களில் 0.6 பேருக்கு. ஆனாலும் மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ஊனமின்றி நடமாடியவர்கள் ஊசி பெற்றவர்களிடையேதான் அதிகம். அதனால்தான் அந்த அபாயத்தோடு சேர்த்தே மருத்துவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் கெடு நாலரை மணி நேரமானது. இந்த ஊசியே ரத்தக் குழாயின் செல்களைத் தூண்டி எம்.எம்.பி-9ஐக் கூட்டுகிறது என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். ஊசிக்கு முன்பே ரத்தத்தில் அந்த நொதி அதிகமிருந்தவர்களுக்குக் கசிவு வரும் வாய்ப்பும் அதிகம் என்பதை அதே ஆண்டில் பார்சிலோனாவின் ஜோன் மொன்டானர் குழு கண்டது.

அப்படியானால் இந்த நொதியை அடக்கிவிடலாமே? டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு ஓரளவு அந்தத் திறன் உண்டு. மினோசைக்ளினைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்தும் வருகிறார்கள். சிக்கல் வேறிடத்தில். பக்கவாதம் வந்து ஏழு நாள் ஆன எலிகளுக்கு இந்தக் குடும்பத்தை அடக்கும் மருந்து கொடுத்தபோது சேதம் கூடியது என்று 2006இல் ஓர் ஆய்வு சொன்னது. முதல் நாளில் சுவரை அரிக்கும் அதே கத்தரி, ஏழாம் நாளில் புதுக் குழாய்கள் முளைக்க இடம் வெட்டிக்கொடுக்கிறது. தலைப்பிரட்டையின் வாலைக் கரைத்து, அதைத் தவளையாக்கவும் செய்வது போலத்தான்.

அந்த நாலரை மணி நேரக் கெடுவின் கடிகாரம் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் இன்னும் வேகமாக ஓடுகிறது. மலையடிவாரப் பக்கம் உள்ள போளூருக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில். அங்கிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இன்னும் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஊசி போட்டுவிட முடியாது. முதலில் சி.டி. ஸ்கேன்: உள்ளே இருப்பது அடைப்பா, ஏற்கெனவே கசிவா என்று பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் 185/110க்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும், நைந்த சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்பதால். வீடு தேடி வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கியது. மலையூர்களில் அதன் பயன் பெரிது. பாதி மாத்திரையோடு நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால்தான் கவலை.

எண்ணெய் போட்டு நீவிவிட்டுப் பார்ப்போம் என்று வீட்டிலேயே கழியும் ஒரு மணி நேரமும், ஸ்கேன் எடுக்குமுன் யாரோ கொடுக்கும் ஆஸ்பிரினும் அந்தச் சுவரின் கணக்கில்தான் சேர்கின்றன. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் 108ஐ அழைத்துவிட்டு, கூட இருப்பவர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்கப்போவது ‘எப்போது விழுந்தார்’ என்பதை அல்ல, ‘கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்’ என்பதை. விடியற்காலையில் கை விளங்காமல் எழுந்தவருக்கு, நேற்று இரவு பாயில் படுக்கப்போன நேரத்திலிருந்தே அந்த நாலரை மணி நேரம் ஓடத் தொடங்கியிருக்கும்.