சிங்கப்பூரா, கோலாலம்பூரா? முதலில் ரசீதைப் பாருங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் பக்கம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகளுக்கு இப்போது இப்படி ஒரு சுற்றறிக்கை வருகிறது: கல்விச் சுற்றுலா, சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர், விருப்பத்தைத் தெரிவித்து இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டவும். வெளிநாட்டுப் பயணம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற காலம் மாறிவருகிறது. 2022 நவம்பரில் தமிழகப் பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளி மாணவர்களை துபாய்க்கும் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கும் அழைத்துச் சென்றது. மனதார மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அந்தப் பிள்ளைகளின் செலவை அவர்கள் வீட்டில் யாரும் ஏற்கவில்லை. தனியார் பள்ளி, கல்லூரிகள் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் நகையை வைத்துப் பணம் கட்டும் பெற்றோர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விவாதம் முழுக்க எந்த ஊர் என்பதில்தான் நடக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது? கல்லூரிக்கா, டிராவல்ஸ் நிறுவனத்துக்கா, ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் ஜிபே எண்ணுக்கா? பயணம் கெட்டுப்போனால் உங்களுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

காரணம் ஒரு தீர்ப்பு. தாய்லாந்தில் ஒரு பகுதி, சேலத்தில் ஒரு பகுதி என்று விளம்பரம் செய்யப்பட்ட பல் மருத்துவப் படிப்பில் சேர்ந்து ஏமாற்றம் அடைந்ததாகச் சில மாணவர்கள் விநாயகா மிஷன் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். மனு சோலங்கி வழக்கு என்று அதற்குப் பெயர். 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் அதில் தீர்ப்புச் சொன்னது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் மட்டும் வரும் என்றது. அதோடு நிறுத்தவில்லை. கல்வி நிறுவனம் நடத்தும் உல்லாசப் பயணம், பிக்னிக், நீச்சல், விளையாட்டு ஆகியவற்றையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஆனாலும் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் கல்லூரித் தரப்பு வழக்கறிஞர் முதல் வாதத்தை வைப்பார். பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித்தருவதும் ஹோட்டல் அறை பிடித்துத் தருவதும் ஒன்றாகுமா என்ற என் ஆதங்கம் அங்கே எடுபடாது.

டிராவல்ஸ் நிறுவனத்தின் நிலைமை வேறு. அது காசு வாங்கிச் சேவை விற்கும் வியாபாரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு சேவையைப் பெறுகிறவரும் நுகர்வோரே என்கிறது அந்தச் சட்டம். ஆகவே கல்லூரி மொத்தமாகக் கட்டியிருந்தாலும் மாணவர் உரிமை கோரலாம். ஆனால் நிறுவனத்துக்கும் மாணவருக்கும் உள்ள தொடர்பைக் காட்டக் காகிதம் வேண்டும். எனவே நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதை மாணவர் பெயரோடு கேளுங்கள். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் நிறுவனத்தின் உண்மையான பெயரும் முகவரியும் வந்துவிடும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம் நிறுவனங்கள் விரும்பினால் பெறுவதுதான், கட்டாயமில்லை. சுவரில் சான்றிதழ் தொங்குவதை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்.

பில்லில் டிசிஎஸ் என்று ஒரு வரி இருக்கும். 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டு டூர் பேக்கேஜ்களுக்கு இது பிடிக்கப்படுகிறது. விகிதத்தை அரசு அவ்வப்போது மாற்றுகிறது. இது செலவல்ல, உங்கள் வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே சேரும் பணம். யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில் சேரும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மீதி இருந்தால் திரும்பப் பெறலாம். எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று சொல்லி வாங்குகிற இடத்தில் இந்தப் பணம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இனி ஊருக்கு வருவோம். பிள்ளை என்ன கேள்வியோடு போகிறாள் என்பதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் என் கட்சி. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்போது கைக்குழந்தையாக மாடிக்குத் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூரின் மெரினா தடுப்பணை ஒரு பாடம். 2008இல் திறக்கப்பட்ட அந்த அணை கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கிறது, தாழ்வான பகுதிகளின் மழைவெள்ளத்தை வெளியேற்றுகிறது, உள்ளே தேங்குவதைக் குடிநீராக்குகிறது. கோலாலம்பூரில் 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். வெள்ளம் வந்தால் அதில் தண்ணீர் போகும். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார்கள் போகும். இரண்டுமே பார்க்க வேண்டியவை. ஆனால் சுரங்கச் சாலையில் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே பேருந்தில் போகும், முன்கூட்டியே அனுமதி வாங்காத கல்விச் சுற்றுலா வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும்.

பயணத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். சிங்கப்பூரின் கழிவுநீர் மறுசுழற்சியை விளக்கிய நியூவாட்டர் பார்வையாளர் மையம் கல்விச் சுற்றுலாக்களில் வெகுகாலம் இடம்பெற்றது. அது 2024இல் மூடப்பட்டுவிட்டது. உங்கள் கையில் உள்ள தாளில் இன்னும் அந்தப் பெயர் இருந்தால், அந்தத் தாளைத் தயாரித்தவர் எதையும் சரிபார்க்கவில்லை என்று பொருள். கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு முழு நாள், அறிவியல் மையத்துக்கு ஒரு மணி நேரம் என்றிருந்தால் அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்தது யார் என்று நிர்வாகத்திடம் துணிந்து கேட்கலாம்.

விசா விஷயத்தில் இரண்டு ஊரும் வேறு வேறு. சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டும். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதித்து, 2026 முடிய நீட்டித்திருக்கிறது. விசா வேண்டாம் என்றால் கேள்வி கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கைப்பணம் ஆகியவற்றை விமான நிலையத்தில் கேட்கலாம், திருப்பியும் அனுப்பலாம். இரு நாட்டுக்கும் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளமே அல்ல. விசா மறுக்கப்பட்டால் கட்டிய தொகையில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் தராதீர்கள்.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மீதமிருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கே கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் எடுத்தது பதினொன்றாம் வகுப்பில் காலாவதியாகும். தாம்பரத்திலேயே சேவா மையம் இருக்கிறது, இப்போதே புதுப்பித்துவிடுங்கள். இனிஷியலை விரிக்காமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்காது என்று விமான நிறுவனங்கள் அறிவித்தபோது நம் ஊர்க்காரர்கள்தான் திணறினார்கள். துபாய் போகிறவர்கள் இதையும், மசாலாப் பொடியில் கசகசா இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கு வேப் கருவியையோ சூயிங்கத்தையோ கொண்டுபோகக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூர் மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கு அரசு மானியம் இல்லை. ஆகவே பேக்கேஜில் காப்பீடு உண்டு என்ற வாய்ச்சொல் போதாது, பிள்ளையின் பெயர் உள்ள பாலிசி நகல் வேண்டும். வீசிங், வலிப்பு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டி கிளெய்மை மறுப்பார்கள். அநியாயமாக மறுத்தால் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி ஓராண்டுக்குள் முறையிடலாம்.

விமான டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது என்பார்கள். அது சரியல்ல. சலுகைக் கட்டணமாக இருந்தாலும் பயன்படுத்தாத டிக்கெட்டின் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டுக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே.

டிராவல்ஸ்காரர் ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால், தாம்பரத்துக்காரருக்கு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தோடு ஆள் மறைந்துவிட்டால் அது மோசடிக் குற்றம், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இணையத்தில் கட்டி ஏமாந்தால் உடனே 1930ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

போக முடியாத பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது. பயணம் கட்டாயமா, அதற்கு மதிப்பெண் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்றால், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஓர் ஆய்வு என்பது போல அதற்கு ஈடான வேலை ஒன்றைத் தரக் கோருங்கள். 2022இல் ராம்சார் தகுதி பெற்ற இடம் அது, படிக்க அங்கே நிறைய இருக்கிறது. கல்லூரி மறுத்தால், அல்லது கல்லூரியே பணத்தை வைத்துக்கொண்டு தராமல் இழுத்தால், 2023இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி மாணவர் குறைதீர்க் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். அது 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் ஓம்புட்ஸ்பெர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம்.