புறக்கணிக்கப்பட்ட நாயின் நம்பிக்கை மீட்பு

புறக்கணிக்கப்பட்ட நாய் என்பது உணவு, நீர், மருத்துவம், நடமாட்டம், மனிதத் துணை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ நெடுங்காலம் கிடைக்காமல் வாழ்ந்த நாயைக் குறிக்கும். எப்போதும் சங்கிலியில் கிடந்தவை, வீடு மாறும்போது கைவிடப்பட்டவை, குட்டி ஈனுவதற்காக மட்டும் கூண்டில் வளர்க்கப்பட்டவை ஆகியன இதில் அடங்கும். இத்தகைய நாயின் உடல் சில வாரங்களில் தேறலாம். மனிதர்மீதுள்ள அச்சம் நீங்கப் பல மாதங்கள் ஆகலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதை நாய் முன்கூட்டியே அறியவும், நெருங்குவதா விலகுவதா என்பதை அதுவே முடிவு செய்யவும் இடமளிப்பதே மீட்பின் அடிப்படை.

இரு வகை அச்சம்

நாய்க்குட்டி பிறரோடு பழகக் கற்கும் முக்கியமான பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்று ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். 1961-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 14 வாரம் வரை மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் பின்னர் பழக்க முயன்றபோதும் மனிதரைக் கண்டு அஞ்சி விலகின. ஆகவே, முன்பு மனிதரோடு பழகி, பின் கைவிடப்பட்ட நாய் இழந்த நம்பிக்கையை மீண்டும் பெறுகிறது. குட்டிப் பருவத்தில் மனிதரையே அறியாத நாய் அதனைப் புதிதாகக் கற்கிறது. இரண்டாவதற்குக் காலம் கூடுதலாகத் தேவைப்படும்.

அறிகுறிகள்

வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொள்ளுதல், உதட்டை நக்குதல், அடிக்கடி கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், மூலையில் ஒடுங்குதல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். தொட்டால் அசையாமல் விறைத்து நிற்பதைப் பலர் சாதுத்தன்மை எனத் தவறாகக் கொள்கின்றனர். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்காக நாயை அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக்கூடும்.

மீட்பு முறை

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியுள்ள நாய் தொடுவதை ஏற்காது. மிகவும் மெலிந்த நாய்க்கு ஒரே வேளையில் நிறைய உணவு தருவது ஆபத்து. மருத்துவர் கூறும் அளவில் சிறிது சிறிதாகத் தர வேண்டும்.

அமைதியான ஓரிடமும், ஒளிந்துகொள்ள ஒரு மறைவும் தேவை. மறைவிலிருந்து நாயை இழுத்து வெளியே கொண்டுவரக் கூடாது. உணவு, உலா, உறக்கம் ஆகியவை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்.

பழக்குபவர் சற்றுத் தொலைவில் பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்வது நல்லது. உற்றுப் பார்ப்பதும், மேலிருந்து குனிந்து தலையைத் தொடுவதும் மிரட்டலாகத் தோன்றும். இங்கு வரிசை முக்கியம்: முதலில் ஆள் தோன்ற வேண்டும், பிறகே உணவு வர வேண்டும். அப்போது மனிதர் வருவது நல்லதன் அறிகுறியாகிறது. உணவு முதலில் வந்து, அதைத் தின்னும்போது கை நீண்டால், உணவே அச்சத்தின் அறிகுறியாகிவிடும். உணவை நாய்க்கு அப்பால் வீசினால் அது விலகிச் சென்று தின்று, விரும்பினால் திரும்பி வரும். அதுவாக வந்து முகர்ந்த பின்னர், மார்புப் பக்கம் ஓரிரு நொடி தடவிக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மீண்டும் நெருங்கினால் அது சம்மதம். விலகினால் அன்று அத்துடன் நிறுத்த வேண்டும்.

கடி அல்லது கீறல் ஏற்பட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

ஒரு சான்று

2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்திலிருந்து ஏறத்தாழ 50 பிட்புல் நாய்கள் கைப்பற்றப்பட்டன. நாய்ச்சண்டைக்காக வைக்கப்பட்ட அவற்றுள் பல சங்கிலியில் கிடந்தவை. அவற்றைக் கொன்றுவிடுவதே நல்லது என விலங்குநல அமைப்புகள் சிலவே கருதின. ஆனால் நீதிமன்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு நாயும் தனித்தனியே ஆராயப்பட்டபோது, பலவற்றிடம் காணப்பட்டது மூர்க்கமன்று, அச்சமே. பெரும்பாலானவை மீட்பு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 22 நாய்கள் 2008 சனவரியில் யூட்டா மாநிலக் காப்பகம் ஒன்றுக்குச் சென்றன. சில பின்னர் வீடுகளில் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றான ஜானி ஜஸ்டிஸ், குழந்தைகள் தன்னருகே அமர்ந்து வாசித்துப் பழகத் துணைநின்றது.

வரம்பு

எல்லா நாய்களும் முழுமையாக மாறுவதில்லை. மேற்கண்ட நாய்களிலும் சில இறுதிவரை காப்பகத்திலேயே வாழ்ந்தன. அந்நியரைக் கண்டு ஒதுங்கினாலும், தன் வீட்டாருக்கு அருகே அச்சமின்றி உண்டு உறங்கும் நிலையும் மீட்சியே ஆகும்.