முந்திரிப் பருப்பும் கறுத்த விரல்களும்

குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியில் நீராடிவிட்டு ஈரத் தலையோடு கடைத்தெருவுக்கு வந்தோமானால், குழந்தைகள் நம் கையைப் பிடித்து இழுக்கும் இடம் பருப்புக் கடைதான். முழுப் பருப்பு ஒரு விலை, பாதி ஒரு விலை, நொறுங்கல் ஒரு விலை என்று அங்கே முந்திரி வீற்றிருக்கும். பக்கத்து ஜாடியில் பிஸ்தா வாய் பிளந்து சிரிக்கும்.

"பிஸ்தாவுக்கு ஓடு இருக்கிறது, முந்திரிக்கு ஏன் இல்லை?" என்று நம் வீட்டுச் சிறுமி கேட்டாள். பதில் நமக்குப் பாதிதான் தெரியும். வாத்தியாருக்கு அது அழகா? மீதியைத் தெரிந்துகொள்ளத் தென்காசியில் ரயில் ஏறினோம்.

1904-ல் மலையைக் குடைந்து அமைத்த பாதை அது. அகலப் பாதையாக மாறி 2018-ல் முழுவதும் திறக்கப்பட்டது. அது போய்ச் சேரும் கொல்லம், முந்திரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். மரமோ பிரேஸில் தேசத்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உள்நாட்டு விளைச்சல் போதாமல், ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை கப்பலேறி வருகிறது.

பிஸ்தா பரம சாது. அதன் ஓடு மரத்திலேயே தானாக வெடித்துக்கொள்கிறது. பறித்த கையோடு மேல்தோலை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் ஓட்டில் கறை ஏறும். தண்ணீரில் கொட்டினால் பொக்கு மிதக்கும். பிறகு உலர்த்தி, தரம் பிரித்தால் தீர்ந்தது. முந்திரி அப்படியன்று. அதன் ஓட்டுக்குள்ளே ஓர் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. வர்ணங்களுக்கும் வண்டிகளின் தடைக்கட்டைகளுக்கும் பயன்படும் அந்த எண்ணெய், தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும்.

நாம் பார்த்த கொட்டகையில், வெயிலில் காய்ந்த கொட்டையை முதலில் வறுத்தார்கள். வேறு இடங்களில் ஆவியில் வேகவைப்பதும் உண்டு. பின்னர் வரிசையாக உட்கார்ந்த ஸ்திரீகள், ஒவ்வொரு கொட்டையாகக் கட்டையால் தட்டி உடைத்தார்கள். அடி பலமானால் பருப்பு நொறுங்கும். மெலிந்தால் ஓடு திறவாது. எடுத்த பருப்பைச் சூட்டறையில் சில மணி நேரம் உலர்த்த, செந்தோல் தளர்கிறது. அதை உரிப்பதும் பெண்கள் கையே. நாலு கிலோ கொட்டைக்குத் தேறுவது சுமார் ஒரு கிலோ பருப்பு.

அப்புறம் தரம் பிரித்தல். '320' என்ற முத்திரைக்கு, ஒரு பவுண்டு நிறைக்கு 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் என்று பொருள். '180' என்றால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. காற்றை வெளியேற்றி, கரியமில வாயு நிரப்பிய தகர டின்களில் அடைத்தால் நெடுநாள் கெடாது.

உடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் விரல்களைப் பார்த்தோம். நுனிகள் கறுத்து, தோல் வெடித்திருந்தன. சாம்பலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தாள்.

"கையுறை தருவதில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"தருகிறார்கள் ஐயா. போட்டுக்கொண்டால் பருப்பு விரலுக்குப் பிடிபடாது. எடைக்குத்தானே கூலி? சாயங்காலம் எடை குறைந்தால் கையுறையா ஈடு கட்டும்?"

கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு, அந்தக் கணக்குக்கு விடை அகப்படவில்லை. திரும்பும் வழியெல்லாம் யோசித்தோம். கையுறையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதை அணிந்த கை எவ்வளவு உடைக்குமோ, அந்த அளவுக்கு நாட்கூலி கட்டும்படி விகிதத்தை நிர்ணயிக்க வேண்டும். அதனால் பருப்பு விலையில் சில ரூபாய் ஏறலாம். தீபாவளிக்குப் பலகாரம் செய்யும் நாம் அதைக் கொடுக்கச் சித்தமாக இருக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்து சிறுமியிடம் கண்டதைக் கண்டபடி சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முன்பெல்லாம் பாயசத்தில் உடைந்த முந்திரியை ஒதுக்கிவிட்டு முழுசாகக் கேட்பவள், இப்போது அப்படிக் கேட்பதில்லை.