கோள்கள் சுழலும் திசை

கோள்கள் யாவும் சூரியனை ஒரே திசையில் சுற்றிவருகின்றன. பூமியின் வடதுருவத்திற்கு மேலே வெகுதொலைவிலிருந்து நோக்கின் அத்திசை இடஞ்சுழியாகத் தோன்றும். தம் அச்சில் சுழல்வதிலும் பெரும்பாலானவை அத்திசையையே கொண்டுள்ளன. நமக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதும் இதனாலேயே.

இவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது? கோள்களின் சீரான இயக்கம் வெறும் இயந்திர காரணங்களால் தோன்றியதன்று, ஞானமும் வல்லமையும் உள்ள ஒருவரின் திட்டமே என 1713இல் நியூட்டன் எழுதினார். லாப்பிலாஸோ 1796இல், சுழலும் வாயுத்திரளினின்று கோள்கள் உருவாயின என்றார். விவரங்கள் மாறினும் அக்கருத்தின் சாரம் இன்றும் நிற்கிறது. திரள் சுருங்கியபோது அதன் சுழற்சி கோள்களுக்கும் உரியதாயிற்று.

எனினும் இரண்டு கோள்கள் விலகி நிற்கின்றன. வெள்ளி எதிர்த்திசையில் 243 நாட்களுக்கு ஒருமுறை சுழல்கிறது. 1960களின் தொடக்கத்தில் ரேடார் அலைகள் இதனைக் காட்டின. அங்கே சூரியன் மேற்கே உதிக்கும். அதன் அடர்ந்த வளிமண்டலத்தின்மீது சூரியன் விளைத்த தாக்கம் காரணமாயிருக்கலாம் என்பர். யுரேனஸ் ஏறத்தாழ 98 பாகை சாய்ந்து, படுத்தவாறு சுழல்கிறது. பெருமோதலொன்று அதனைச் சாய்த்திருக்கலாம்.

பிரசங்க பீடத்தில் கோள்களின் ஒழுங்கைச் சான்றாகக் காட்டுவோர் இவ்விரண்டையும் மறைத்தலாகாது. விதியைக் காட்டிப் படைத்தவரைப் போற்றிவிட்டு, விதிவிலக்கைக் கண்டு வாய்மூடுவது நேர்மையன்று. நம் அறியாமையின் இடைவெளியில் இறைவனை நிறுத்தினால், அறிவு வளருந்தோறும் அவருக்கு இடம் குறையும். வாயுத்திரளையும் மோதலையும் ஒருங்கே படைப்பின் வரலாறாக ஏற்பதே நமக்குத் தகும்.